குவாரண்டைன் டேங்கில் அம்மோனியா இறங்கவே மாட்டேன் என்கிறது, ஃபில்டரில் என்ன கோளாறு?

கோமாளிமீன்
அவசரம். மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் கடல்மீன் குவாரண்டைன் டேங்கில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) காட்டுகிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது, அதுவும் புதிது இல்லை, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறி நன்றாகப் பழகின ஸ்பாஞ்ச். தண்ணீர் மாற்றினால் கொஞ்சம் குறைகிறது, மறுநாளே ஏறிவிடுகிறது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. இன்னும் பெரிய ஃபில்டர் வாங்கவா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

அலைக்கரை
எத்தனை லிட்டர்? என்ன மீன், எத்தனை? மருந்து ஏதாவது ஓடுகிறதா? இவை தெரியாமல் ஃபில்டரைப் பற்றிப் பேச முடியாது. இப்போதைக்கு ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவாகத்தான் கரையும்.

பவளத்திட்டு
லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்) இரண்டு துண்டு உள்ளே வையுங்கள், தானாகச் சரியாகிவிடும். பெரிய டேங்கில் அதுதானே எல்லா வேலையும் செய்கிறது?

அலைக்கரை
ஒட்டுண்ணியைக் கொல்லும் காப்பர் மருந்து போட்டிருந்தால் கல் வேண்டவே வேண்டாம். கல்லும் பவள மணலும் காப்பரை உறிஞ்சும், மருந்தின் அளவு ஒரு நிலையில் நிற்காது. அப்புறம் அந்தக் கல்லைப் பவளம் இருக்கும் டேங்கில் வைக்கவும் முடியாது. அதனால்தான் மருந்து போடும் டேங்கில் ஸ்பாஞ்சும் பிவிசி குழாயும் மட்டும் வைக்கிறோம்.

கோமாளிமீன்
80 லிட்டர். ஒரு டாங் மீன், இரண்டு கோமாளி மீன். ஆமாம், காப்பர் ஓடுகிறது. மணல், கல் எதுவும் இல்லை. சலினிட்டி (உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி) 1.025.

செதில்
ஜியோலைட் (அம்மோனியாவைப் பிடிக்கும் கனிமக் கல்) ஒரு பை வாங்கி ஃபில்டர் பக்கத்தில் தொங்கவிடுங்கள். என் தங்கமீன் தொட்டியில் ஒரே இரவில் அம்மோனியா காணாமல் போனது.

மூத்தமாலுமி
பதில் சொல்ல வருகிறவர்கள் அடிப்படையையாவது படித்துவிட்டு வரவேண்டும். ஜியோலைட் அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சோடியமே இருக்கிறது, அங்கே அம்மோனியத்துக்கு எங்கே இடம் கிடைக்கும்? நன்னீரில் பயன்படுத்தித் தீர்ந்த ஜியோலைட்டைப் புதுப்பிப்பதே உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான். தங்கமீனை வைத்துக் கடல்மீனுக்கு வைத்தியம் சொல்லாதீர்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: பழகின ஸ்பாஞ்ச் என்கிறீர்களே, எங்கே பழகினது? இதை யாருமே கேட்கவில்லை.

செதில்
தெரிந்ததைச் சொன்னேன் ஐயா. கடல்நீரில் வேலை செய்யாது என்று மட்டும் சொல்லியிருந்தால் போதுமே.

துடுப்பு
இந்தத் தலைவலியே தேவையில்லை. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, நன்றாகக் காய்ந்த வேறு டேங்குக்கு மீனை மாற்றுங்கள். நான்கு மாற்றத்தில் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி போய்விடும். மீனை விட்டு உதிர்ந்து அடியில் கூடு கட்டுவது, குஞ்சு வெளியே வருவதற்குள் பழைய டேங்கிலேயே தங்கிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் கிடைப்பதால் ஃபில்டரும் வேண்டாம், காப்பரும் வேண்டாம்.

மூத்தமாலுமி
வெல்வெட் என்கிற இன்னொரு ஒட்டுண்ணி இருந்தால்? அது அதைவிட வேகமாகப் பெருகும், 72 மணி நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். புதிதாக வரும் மீனுக்குக் காப்பர்தான் சரி.

துடுப்பு
நோயே காட்டாத மீனுக்கு எதற்கு நஞ்சு? டாங் வகைகள் காப்பரில் சாப்பாட்டை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்து, அறிகுறி தெரிந்தால் போடலாம்.

அலைக்கரை
இருவருமே இதைத் தனி இழையில் பேசுங்கள். இங்கே மீன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

கோமாளிமீன்
ஸ்பாஞ்ச் என் நன்னீர் தொட்டியில் பல மாதம் ஓடினது. அங்கே அம்மோனியா எப்போதும் 0 தான்.

மூத்தமாலுமி
அதேதான் காரணம். நன்னீரில் வளர்ந்த பாக்டீரியா திடீரென்று முழு உப்பில் விழுந்தால் செத்துப்போகும், அல்லது முடங்கிப்போகும். உங்கள் ஸ்பாஞ்ச் இப்போது வெறும் ஸ்பாஞ்ச். எத்தனை பெரிய ஃபில்டர் வாங்கினாலும் அதில் குடியிருக்க ஆள் வேண்டும். கடல்நீர் டேங்கின் சம்ப்பில் (அதோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) ஒரு ஸ்பாஞ்சைச் சில வாரம் முன்பே போட்டு வைத்திருக்க வேண்டும்.

அலைக்கரை
உடனே செய்ய வேண்டியது தண்ணீர் மாற்றம், பாதி அளவு. புதுத் தண்ணீரிலும் டேங்கில் உள்ள அதே அளவு காப்பரைக் கலந்துவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் மருந்து பலன் தரும் அளவுக்குக் கீழே போய்விடும். காப்பர் மருந்துகளில் குப்ரமைன் என்றால் 0.5 பிபிஎம், காப்பர் பவர் என்றால் 2.5, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அம்மோனியாவைக் கட்டும் திரவத்தை அவசரத்தில் ஊற்றிவிடாதீர்கள். அவற்றில் சில காப்பரோடு சேர்ந்தால் மீனுக்கு ஆபத்து, இரண்டு பாட்டிலையும் படித்துப் பாருங்கள்.

1 பிபிஎம்மைச் சின்ன எண் என்று நினைக்கவேண்டாம். பிஎச் 7 உள்ள தொட்டியில் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் நஞ்சான வடிவத்தில் இருக்கும். கடல்நீரின் 8.2-ல் அது பல மடங்கு. அதனால் தீனியைக் குறைத்து, மிச்சம் கிடப்பதை அன்றன்றே உறிஞ்சி எடுங்கள். உங்கள் பெரிய டேங்கில் நோய் இல்லையென்றால் அதன் சம்ப்பிலிருந்து ஸ்பாஞ்சோ பீங்கான் வளையமோ எடுத்து வையுங்கள். ஒருமுறை காப்பரில் போட்டதைத் திரும்ப அங்கே கொண்டுபோகக் கூடாது.

பவளத்திட்டு
பாட்டில் பாக்டீரியா போடலாமா? காப்பர் அதைக் கொன்றுவிடாதா?

அலைக்கரை
போடலாம், கடல்நீருக்கானதாகப் பார்த்து வாங்கவேண்டும். காப்பர் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் பிடித்து வளர்ந்துவிடும். யூவி விளக்கு, கரி, ஸ்கிம்மர் (நுரையால் கழிவை எடுக்கும் கருவி) இருந்தால் மருந்து முடியும் வரை நிறுத்தி வையுங்கள்.

துடுப்பு
பெரிய டேங்கில் நோய் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கோமாளிமீன்
சம்ப்பிலிருந்து வளையம் எடுத்து வைத்தேன். தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். அம்மோனியா 0.25. டாங் சாப்பிடுகிறது. இப்போது நைட்ரைட் 2 காட்டுகிறது, பயமாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

அலைக்கரை
பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது வருவதுதான் நைட்ரைட். அது வந்தால் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடல்நீரில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட்டை எளிதில் செவுளுக்குள் போகவிடாது. நன்னீர் மீன் அளவுக்குப் பயப்பட வேண்டாம். அம்மோனியாவை மட்டும் தினமும் அளந்து இங்கே எழுதுங்கள்.