வெள்ளவத்தைச் சபைக்கு அனுப்பும் பணம்: ஒளித்திரையா, வீடு சந்திப்பா?

அன்பின் ஊரவர்களுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் சபையின் ஆலயத்துக்கு ஒளித்திரையும் புது ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுப்போம் என்று எங்கள் ஊர்ச் சங்கத்தின் ரொறன்ரோ, லண்டன், சிட்னிக் கிளைகள் மூன்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடு வந்த யோசனை, அதற்கு நன்றி. ஆனால் அந்தப் பணத்தைப் போதகர் ஐயாவின் வீடு சந்திப்புச் செலவுக்கு ஒதுக்கித் தரும்படி கேட்கிறோம். சங்கத்தில் சைவக் குடும்பங்களும் இருப்பதால், போதகர் கிழமை நாட்களில் என்னதான் செய்கிறார் என்பதிலிருந்து எழுதுகிறோம்.

ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் போதும், பின்வாங்கிலும் குரல் கேட்கிறது. யோசிக்க வேண்டியது வராதவர்களைப் பற்றி. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் உள்ள மாடி வீடுகளில், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, தனியாகவோ இருவராகவோ இருக்கும் பெற்றார்தான் அவர்களில் அதிகம். உங்கள் பெற்றார். மருந்து வாங்கிக் கொடுக்கவும் பில் கட்டவும் யாரோ ஒருவரை நீங்கள் ஒழுங்குபடுத்திவிட்டீர்கள். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து கதைக்கத்தான் ஆள் இல்லை.

கணக்கைப் பாருங்கள். நாற்பத்தெட்டுக் குடும்பம் உள்ள சபையில் கிழமைக்கு ஆறு வீடு போனால் எட்டுக் கிழமையில் ஒரு சுற்று முடியும், வருடத்தில் ஆறு சுற்று. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் இருந்த ரிச்சர்ட் பக்ஸ்டர் என்ற போதகர், உதவியாளரோடு சேர்ந்து ஒவ்வொரு திங்களும் செவ்வாயும் குடும்பங்களைச் சந்திப்பதற்கே ஒதுக்கினார். கிழமைக்கு 15, 16 குடும்பம் என்று, 800க்கு மேற்பட்ட குடும்பங்களை ஒரு வருடத்துக்குள் கண்டு முடிப்பது அவர் கணக்கு. எங்களுடையது அதில் ஒரு சிறு துண்டு. இரண்டு நாளை அசையாமல் ஒதுக்கி வைத்ததால்தான் அவருக்கு அது முடிந்தது. நேரம் கிடைக்கும்போது போகலாம் என்று விட்டால் கூட்டங்களே கிழமையைத் தின்றுவிடும்.

ஒரு பின்னேரத்தில் இரண்டு வீட்டுக்கு மேல் போகக்கூடாது. மூன்றாவது வீட்டில் ஐயாவுக்குக் காது களைத்துவிடும், முதல் வீட்டில் செய்த ஜெபத்தையே திருப்பிச் செய்வார். அது வீட்டுக்காரருக்கு உடனே விளங்கும்.

சந்திப்பு எப்படி நடக்க வேண்டும்? முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனால் வயதானவர்கள் உடுப்பு மாற்றவும் தேத்தண்ணி ஊற்றவும் ஓடித்திரிந்து களைத்துப் போவார்கள். நாலு மணிக்குப் பிறகு போவது நல்லது, மதிய நித்திரை முடிந்திருக்கும். கட்டிலில் இருப்பவரோடு நின்றுகொண்டு கதைக்கக்கூடாது, அவர் முகத்துக்கு நேரே கதிரையைப் போட்டு இருக்க வேண்டும். "சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்ற பதில்தான் வரும். "இரவு நித்திரை வருகுதா?" "சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டால் கதை வரும். வந்த பிறகு குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், முழு வேலையும் அதுதான். பிறகு வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து சின்னதாக ஒன்று வாசிக்கலாம்: 23ஆம் சங்கீதத்தில் ஆறு வசனம், 121இல் எட்டு. ஜெபத்தில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பெயர் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரைப் பிழையாகச் சொன்னால் அந்த அம்மாவுக்கு மற்றதொன்றும் காதில் விழாது. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம், கூடினால் நாற்பது. குறிப்பு எழுதுவது படியிறங்கிய பிறகுதான், அவர்கள் முன்னால் இல்லை.

மறதி நோய் உள்ளவர்களிடம் வேதாகமத்தின் புது மொழிபெயர்ப்பைக் கொண்டுபோகவே கூடாது. இயேசு கற்பித்த ஜெபத்தை "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று பழைய வார்த்தையில் மெதுவாகத் தொடங்கினால், மகளின் பெயரை மறந்தவர்கூடப் பல வேளை சேர்ந்து சொல்லிவிடுவார். சின்ன வயதில் பாடிய கீர்த்தனையும் அப்படித்தான். வேகமாகப் பாடினால் அவர்களால் பின்தொடர முடியாது.

ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே கொடுக்கும் திருவிருந்துக்கு (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிர்வது) ஒரு கைப்பெட்டி போதும்: சின்னக் கிண்ணம், தட்டு, வெள்ளைத் துணி இரண்டு, ஒரு கரண்டி, 50 மில்லிப் போத்தலில் திராட்சரசம், திருகுமூடி டப்பாவில் அப்பம். கடற்கரைக் காற்றில் அப்பம் இரண்டு நாளில் நமுத்துவிடும், அதனால் டப்பா முக்கியம். புளிக்காத ரசத்தைத் திறந்த பிறகு குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களிடம் பெரிய கவனம் வேண்டும். தண்ணீர்போல ஓடும் எதுவும் அவர்களுக்குப் புரைக்கேறலாம், காய்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்ன கொடுக்கலாம் என்று அவரைப் பராமரிக்கிறவரிடமோ தாதியிடமோ கேட்டு, நிமிர்த்தி இருத்தி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் ரசத்தில் நனைத்த ஒரு துணுக்கைக் கரண்டியால் கொடுக்க வேண்டும். மூக்கால் குழாய் போட்டவருக்கு வாயால் ஒன்றும் கொடுக்காமல் கையைப் பிடித்து ஜெபிப்பதுதான் சரி.

வைத்தியசாலைச் சந்திப்பு வேறு வேலை. அரச வைத்தியசாலைகளில் பார்வையாளர் நேரம் நண்பகலிலும் மாலையிலும் கொஞ்சம்தான். தேசிய வைத்தியசாலை, களுபோவில, மஹரகம மூன்றும் மூன்று திசை, ஒரே மாலையில் இரண்டுக்குப் போக முடியாது. நோயாளர் விடுதியில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கதைப்பார்கள். நோயாளி தமிழ் மட்டும் தெரிந்த எழுபது வயதுக்காரர் என்றால், எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லவே அவருக்கு ஆள் தேவை. அதனால் தனியாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் சிங்களத்தில் எழுதிய அட்டை ஒன்றைப் பணப்பையில் வைக்கச் சொல்கிறோம்: பெயர், குடிக்கும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, யாருக்கு அழைக்க வேண்டும். இதை ஐயா சந்திப்பின்போதே நிரப்பிக் கொடுக்கலாம்.

மரணம் நடந்தால் உங்களுக்கு முதல் அழைப்பு பெரும்பாலும் ஐயாவிடமிருந்துதான் வரும். வீட்டில் இறந்தவருக்கு வைத்தியம் பார்த்த வைத்தியரின் சான்றும் கிராம சேவகரின் அறிக்கையும் தேவை. திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும். இந்தத் தொலைபேசி இலக்கங்கள் முன்பே கையில் இல்லாவிட்டால், இரவு பதினொரு மணிக்கு அயல்வீட்டாரும் சேர்ந்து தடுமாறுவார்கள். பிள்ளைகள் வந்து சேரும்வரை பூதவுடல் மலர்ச்சாலையில் இருக்கும். அடக்க ஆராதனை நேரத்தைத் தீர்மானிக்கும்போது உங்கள் நேரத்தையும் பார்க்கிறோம்: தை மாதத்தில் கொழும்பில் பிற்பகல் 3.00 என்றால் லண்டனில் காலை 9.30, ரொறன்ரோவில் விடிய 4.30, சிட்னியில் இரவு 8.30. கனத்தை மயானத்தில் நேரம் கிடைப்பதையும் பார்க்க வேண்டும், எல்லாருக்கும் வசதியான நேரம் வராது.

அடக்கத்துக்கு நூறு பேர் வருவார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு ஜெபத்துக்கும் வருவார்கள். அதற்குப் பிறகு நாற்பத்தைந்தாம் நாளில் யார் அந்த வீட்டு மணியை அடிக்கிறார் என்பதில்தான் ஒரு போதகரின் பணி தெரியும். ஐயாவின் நாட்காட்டியில் மூன்றாம் மாதம், முதல் நத்தார், திருமண நாள் ஆகியவற்றை இறந்த அன்றைக்கே குறித்துவிட வேண்டும். பிறகு ஞாபகம் வராது.

இதில் பிழைக்கும் இடங்களும் உண்டு. நல்ல தேத்தண்ணி தரும் பத்து வீட்டுக்கே போதகர் திரும்பத் திரும்பப் போவது முதலாவது. இதற்குத் தீர்வு ஒரு பெயர்ப் பட்டியல்: அதைச் சபை மூப்பர் வைத்திருந்து மாதம் ஒருமுறை விடுபட்ட வீட்டைச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு மலையகத்திலிருந்து வந்து எங்கள் சபையிலேயே திருவிருந்து எடுக்கும் பெண்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், இதுவரை இல்லை. அடுத்தது, நோய் விபரத்தை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் போடுவது. ஒருமுறை நடந்தால் பிறகு ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். வீட்டில் கேட்டது பெயரில்லாமலும் பிரசங்கத்தில் வரக்கூடாது, சின்னச் சபையில் பெயர் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் ஆளைத் தெரியும். தனியாக இருக்கும் பெண்களிடம் போகும்போது பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். "இனி இருந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது சொன்னால் ஜெபித்துவிட்டு வந்துவிடக்கூடாது. அவரைத் தனியே விடாமல் இருந்து, 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்து, வீட்டார் ஒருவருக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

கொப்பி இரண்டு வேண்டும். ஒன்று சபையுடையது: விலாசம், எத்தனையாம் மாடி, லிப்ட் உண்டா, எந்த நேரம் வசதி, கடைசியாகப் போன திகதி. 2022இல் மின்வெட்டு நாட்களில் லிப்ட் நின்றபோது, ஆறாம் மாடியில் யார் இருக்கிறார் என்பது தெரிய வேண்டியிருந்தது. போதகர் மாறிப் போகும்போது இது அடுத்தவரிடம் போகும். மற்றது ஐயாவின் சொந்தக் கொப்பி, அதை வேறு ஒருவரும் திறக்கக்கூடாது. ஒல்லாந்தர் காலத்திலேயே பாடசாலைத் தோம்பில் (பதிவேட்டில்) ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் குடும்பம் குடும்பமாகப் பதிந்து வைத்த நகரம் இது. இன்று எங்கள் சபைப் பட்டியலில் பாதி விலாசம் பழையது.

பணத்துக்கு வருவோம். மாதம் பன்னிரண்டு நாள் ஓட்டோச் செலவு, தொலைபேசி, கைப்பெட்டிச் சாமான், அட்டை அச்சிடும் செலவு, அவ்வளவுதான். ஐயா ஓட்டோச் செலவைத் தன் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார், அதனால் மாதக் கடைசியில் தூரத்து வீடுகள் விடுபடுகின்றன. ஒரே தொகையாக அனுப்பாமல் ஒவ்வொரு கிளையும் மாதாமாதம் பொருளாளர் கணக்குக்கு அனுப்பினால், சந்திப்பு வருடம் முழுக்க நிற்காமல் நடக்கும். பயணத் திகதியும் தொகையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவுக்கு வரும், யாரைச் சந்தித்தார் என்பது வராது.

பெற்றார் வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் அவர்களின் மாடி இலக்கம், வசதியான நேரம், பேரப்பிள்ளைகளின் பெயர் மூன்றையும் செயலாளருக்குத் தனி மடலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் குழுவில் இட வேண்டாம். சைவக் குடும்பத்துப் பெரியவர்கள் விரும்பினால் அவர்களையும் ஐயா பார்த்துக் கதைத்துவிட்டு வருவார், ஜெபம் அவர்கள் கேட்டால் மட்டும்.

கொழும்புக் கிளைக் குழுவினர்