தோட்ட ஒப்பிஸ் அலுமாரியில் கிடைத்த சயோன், பாம் கைக்கணினிகள்: திரும்ப இயக்கலாமா?

மூடுபனி (தலவாக்கலை):

வணக்கம். ஒரு தோட்ட ஒப்பிஸின் பழைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது இரண்டு சாமான்கள் வெளியே வந்தன. ஒன்று சயோன் ஓர்கனைசர் 2. மொடல் எக்ஸ்பி, இரண்டு வரித் திரை, சாவிகள் ஏ, பி, சி வரிசையில். பின்பக்கத்து இரண்டு பொந்துகளில் ஒன்றில் டேட்டாபாக் (தரவு சேமிக்கும் சின்னச் செருகுபெட்டி) செருகியிருக்கிறது, பட்டரி இல்லை. மற்றது பாம் 3. அதில் இரண்டு சின்ன பட்டரியும் உள்ளேயே இருந்து வெள்ளையாகப் பூத்துப்போய்க் கிடக்கின்றன. பேனா இருக்கிறது, தொட்டில் (கொம்பியூட்டரோடு இணைக்கும் தாங்கி) இல்லை.

கேட்க வேண்டியது மூன்று. உள்ளே பழைய பெயர்ப்பட்டியல், கணக்கு ஏதும் இருந்தால் எடுக்க முடியுமா? இவற்றில் தமிழ் எழுத்து வருமா? உலகத்தின் முதல் பிடிஏ (நாட்குறிப்பு, முகவரி வைக்கும் கைக்கணினி) ஆப்பிள் நியூட்டன்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படியென்றால் இந்த சயோனை என்னவென்று சொல்வது?

ஈயப்பற்று (பண்டாரவளை):

முதலில் ஒன்றிலும் பட்டரி போடாதீர்கள். தலவாக்கலை ஈரத்தில் இத்தனை வருடம் கிடந்த சாமான். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில் இரண்டு நாள் மூடி வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத் தூள் சாவி இடுக்கெல்லாம் போய்விடும்.

பாமில் இருக்கிற வெள்ளைப் பூ அல்கலைன் பட்டரியின் கசிவு. அது காரம், ஆகவே அமிலம் வேண்டும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்டு, தகட்டில் மட்டும் தடவுங்கள். நுரைப்பது நின்றதும் வேறு குச்சியில் ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள். ஊற்றிக் கழுவினால் சர்க்கியூட் போர்ட்டுக்குள் இறங்கிவிடும். தகட்டில் பச்சை பிடித்திருந்தால் மெல்லிய அரத்தாளால் சுரண்டி, பளபளப்புத் தெரிந்ததும் நிறுத்துங்கள். மேல்பூச்சு முழுக்கப் போனால் அடுத்த மாரியில் திரும்பவும் பூக்கும்.

இனி தரவு. இங்கே இரண்டும் நேர் எதிர்.

பாம் 3 இல் நீங்கள் எழுதியது எல்லாம் ரம் நினைவகத்தில்தான் இருக்கும். பட்டரி மாற்றும்போது உள்ளே ஒரு கொள்ளளவி ஒரு நிமிடம் போலத் தாங்கும், அவ்வளவுதான். பட்டரி செத்து வருடக்கணக்காகிவிட்டதால் அதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. புது பட்டரி போட்டால் இயங்குதளம் எழும்பும், திரையில் வரும் குறிகளைப் பேனாவால் தொடச் சொல்லும், பிறகு வெறும் பெட்டி. ஆனால் ஒப்பிஸில் இருந்த பழைய கொம்பியூட்டரைத் தேடுங்கள். ஹொட்சிங்க் (பாமையும் கொம்பியூட்டரையும் ஒத்துப்போக வைப்பது) செய்திருந்தால் அதன் டிஸ்க்கில் பாம் என்ற ஃபோல்டருக்குள் பாவனையாளர் பெயரில் முகவரிப் பட்டியலும் நாட்குறிப்பும் அப்படியே இருக்கும். கையில் இருக்கிற கருவியை விட அந்த டிஸ்க்தான் பெறுமதி.

சயோனின் டேட்டாபாக் ஈப்ரொம் சில்லு, மின்சாரம் இல்லாமலே தரவைப் பிடித்து வைத்திருக்கும். உள் நினைவகம் (அது ஏ) போயிருக்கும், பாக் (அது பி அல்லது சி) பெரும்பாலும் இருக்கும். 9 வோல்ட் அல்கலைன் போட்டு எழுப்பி, திரை வெறுமையாக இருந்தால் பக்கவாட்டுச் சிறு சக்கரத்தைத் திருப்புங்கள், அது திரை எழுத்தின் கருமையைச் சரிசெய்வது. நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் எல்சிடி மங்கி, எழுத்து இழுபட்டுத்தான் வரும். வெயில் ஏறினால் தெளியும். மெனுவில் ஃபைண்ட் எடுத்து, மோட் சாவியால் பி-க்கு மாற்றி, தேடுசொல் ஒன்றும் அடிக்காமல் எக்ஸி சாவியை அழுத்திக்கொண்டே போனால் பதிவு பதிவாக வரும். எதையும் அழிக்காதீர்கள். பாக்கில் அழிப்பது என்றால் 'இது அழிந்தது' என்று குறி வைப்பதுதான், இடம் திரும்பக் கிடைக்காது. இடம் வேண்டுமென்றால் புற ஊதா ஒளி காட்டும் தனிப் பெட்டியில் பாக் முழுவதையும் வெளுக்க வேண்டும்.

மூடுபனி:

நன்றி அண்ணா. துப்புரவு செய்தாயிற்று. சயோன் எழும்பியது, பி-யில் பெயர்கள் வருகின்றன! ஆனால் சோதிக்கப் புதுப் பதிவொன்றை பி-யில் சேமிக்கப் போனால் பட்டரி குறைவு என்று நிற்கிறது. டவுன் கடையில் இன்றைக்கு வாங்கிய பட்டரி.

தேயிலைத்தூள்:

ஈரம் இன்னும் இருக்கும் தம்பி. ஹெயார் டிரையரால் ஐந்து நிமிடம் சூடு காட்டினால் சரிவரும். பாமுக்கும் அதுவே.

ஈயப்பற்று:

வேண்டாம். எல்சிடி மேல் ஒட்டியிருக்கும் முனைவாக்கித் தாள் சூட்டுக்குச் சுருங்கும், பிறகு திரையில் கறுப்புப் படலம்தான். கொழுந்து வாட்டுகிற மாடமா இது?

மூடுபனி, சோதிப்பதற்கென்று அந்தப் பாக்கில் எழுதவே வேண்டாம். சிக்கல் ஈரத்தில் இல்லை, பட்டரியில்தான். ஈப்ரொமில் எழுத 21 வோல்ட் வேண்டும். கருவி அதை 9 வோல்ட்டிலிருந்து தானே ஏற்றி எடுக்கிறது, அந்த நேரம் மின்னோட்டம் குபீரென்று கூடும். 'ஹெவி டியூட்டி' என்று மலிவாக விற்பது காபன் துத்தநாகம். உள் எதிர்ப்பு அதிகம், வாசிக்கப் போதும், எழுதப் போனால் வோல்ட் விழுந்துவிடும். ரீசார்ஜ் பட்டரியிலும் ஏமாறலாம். 9 வோல்ட் என்று விற்கும் சிலவற்றில் ஆறு அறைதான், 7.2 வோல்ட். ஏழு அறை உள்ளது 8.4, அது பரவாயில்லை. அல்கலைன் வாங்குங்கள், கதை முடிந்தது.

பதிவுகளை வெளியே எடுக்க இரண்டு வழி. கொஞ்சம் பெயர்தான் என்றால் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறைய என்றால் மேல் பொந்தில் செருகும் கொம்ஸ் லிங்க் (கொம்பியூட்டரோடு இணைக்கும் வயர்) தேவை. கருவியை அணைத்துவிட்டே செருகி, பிறகு ஓன் சாவியை அழுத்தினால் மெனுவில் கொம்ஸ் என்று ஒரு சொல் புதிதாக வரும். வயரின் நுனியில் 25 முனை இருந்தால் 9-க்கு மாற்றியும், அங்கிருந்து யூஎஸ்பிக்கு ஆர்எஸ்-232 மாற்றியும் வேண்டும். கொம்பியூட்டர் பக்கத்தில் 9600 பாட், 8 பிட், பரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட், எக்ஸோன்-எக்ஸோஃப் (தரவு ஓட்டத்தை நிறுத்தித் தொடரும் முறை). முதல் சில வரி வந்து பிறகு எழுத்து விழுங்கினால் இந்தக் கடைசி அமைப்பைத்தான் சந்தேகியுங்கள். ஒரு பதிவு அதிகபட்சம் 254 எழுத்து, 16 புலம். புலங்களுக்கிடையில் டாப் வரும், ஆகவே எக்ஸெலில் அப்படியே திறக்கும். பி-யிலிருந்து ஏ-க்கு கொப்பி எடுத்தால் ஒரு தடவையோடு நிறுத்துங்கள். இரண்டாம் தடவை பழைய கோப்பின் மேல் எழுதாது, அடியில் சேர்த்துவிடும், எல்லாப் பெயரும் இரட்டையாகும்.

பழையபெட்டி (கண்டி):

நியூட்டன் கேள்விக்கு வருகிறேன். 'பிடிஏ' என்ற பெயரைப் பிரபலமாக்கியது ஆப்பிள்தான். அப்போதைய ஆப்பிள் தலைவர் ஜோன் ஸ்கல்லி 1992 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் சொன்னார், நியூட்டன் மெசேஜ்பாட் கடைக்கு வந்தது 1993 ஓகஸ்ட்டில், விலை 699 டொலர். பெயர் வைத்த நாளும் பிள்ளை பிறந்த நாளும் ஒன்றல்லவே. முதல் சயோன் ஓர்கனைசர் 1984 இலேயே வந்துவிட்டது: ஒரே வரி, 16 எழுத்து, 2 கிலோபைட் ரம். உங்கள் கையில் இருக்கும் ஓர்கனைசர் 2 பிறந்தது 1986 இல். ஓபிஎல் என்ற மொழி உள்ளேயே இருந்ததால் வாங்கியவரே நிரல் எழுதலாம். மேல் பொந்தில் பட்டைக்குறி வாசிப்பான்கூடச் செருகலாம். களஞ்சியங்களும் கள உத்தியோகத்தர்களும் இதை எடுத்ததற்குக் காரணம் இதுதான், நாட்குறிப்பு அல்ல.

நடுவில் இன்னொரு கிளை ஓடியது, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: டொஸ் இயங்குதளம் ஓடும் சட்டைப்பைக் கணினிகள். 1989 இல் அட்டாரி போர்ட்ஃபோலியோ, 40 எழுத்து 8 வரி. 1991 இல் எச்பி 95எல்எக்ஸ், லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை நிரலை ரொமிலேயே பதித்து, இரண்டு ஏஏ பட்டரியில். கணக்குப் பார்ப்பவருக்கு நியூட்டனைவிட அதுவே பிரயோசனம் என்பது என் எண்ணம்.

நியூட்டன் விழுந்தது விலையால் மட்டும் அல்ல. அது உங்கள் கையெழுத்தைத் தான் படித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தது, முதல் பதிப்பு அதைக் காப்பாற்றவில்லை. பாம் தலைகீழாக வந்தது: கருவி உங்களைப் படிக்காது, நீங்கள் அதன் எழுத்தைப் படியுங்கள். கிராஃபிட்டி என்ற அந்த எழுத்துமுறையில் ஒரு எழுத்து என்றால் பேனா எடுக்காமல் ஒரே கோடு. ஆங்கில ஏ-க்கு நடுக்கோடு கிடையாது, கூரை மாதிரி ஏறி இறங்கினால் போதும். பாமை உருவாக்கிய ஜெஃப் ஹோக்கின்ஸ் சட்டைப்பை அளவுக்கு மரத்துண்டு ஒன்றை வெட்டி, அதில் எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டு திரிந்த கதை தெரிந்ததுதானே. பாமின் முதல் கருவிகளில், 1996 மார்ச்சில் வந்த பைலட் 1000 இல் நினைவகம் 128 கிலோபைட், 5000 இல் 512. இரண்டு ஏஏஏ பட்டரி, 160க்கு 160 புள்ளித் திரை, 299 டொலரிலிருந்து. தொட்டிலில் வைத்து ஒரு பொத்தான் அழுத்தினால் கொம்பியூட்டரோடு ஒத்துப்போகும். உங்கள் பாம் 3 வந்தது 1998 இல், 2 மெகாபைட்டும் அகச்சிவப்புக் கண்ணும். பைலட் என்ற பேனா கம்பனியோடு வழக்கு வந்ததால் 'பைலட்' அப்போதே பெயரிலிருந்து கழன்றுவிட்டது. ஆப்பிள் நியூட்டனை நிறுத்தியதும் அதே 1998 பெப்ரவரியில்தான்.

ஒரு எச்சரிக்கை: பாம் நடுவில் உறைந்தால் பின்பக்கத் துளையில் விரித்த பேப்பர் கிளிப்பின் நுனியால் மெதுவாக அழுத்தினால் போதும், அது சாதாரண ரீசெட். பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் அனைத்தையும் அழிக்கவா என்று கேட்கும். இப்போது உள்ளே ஒன்றுமில்லை, பரவாயில்லை. நாளைக்கு ஏதாவது எழுதி வைத்த பிறகு இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஈயப்பற்று:

தமிழ் பற்றி. சயோனில் தமிழ் எழுத்துரு இல்லை, ஆனால் திரைச் சில்லு எட்டு எழுத்துகளை நீங்களே வரைய விடும். ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலம், 8 வரி. எக்ஸ்பியில் ஓபிஎல்லின் போக்-பி கட்டளையால் 384 ஆம் முகவரிக்கு 64 ஐ அனுப்புங்கள், அது பூச்சியமாவது எழுத்தின் இடம் (அடுத்ததற்கு 72, பிறகு 80, இப்படி எட்டெட்டாக). அதன்பின் 385 ஆம் முகவரிக்கு வரிசையாக எட்டு எண். 'ட' வேண்டுமா: 16, 16, 16, 16, 16, 16, 31, 0. 'ப' வேண்டுமா: 17 ஆறு தடவை, பிறகு 31, 0. புள்ளி இருக்கிற இடம் 16, 8, 4, 2, 1 என்று கூட்டிக்கொள்வதுதான். நிரலின் தொடக்கத்திலேயே இதை வைத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாக வரையட்டும்.

மூடுபனி:

'ட', 'ப' இரண்டும் வந்துவிட்டன! 'ண' ஐந்து புள்ளிக்குள் அடங்கமாட்டேன் என்கிறது.

ஈயப்பற்று:

அடங்காது. 'ண' வுக்கு இரண்டு கட்டம் கொடுங்கள், இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று. ஆனால் கட்டங்களுக்கிடையில் கண்ணாடியிலேயே ஒரு மெல்லிய வெற்றிடம் இருக்கிறது, கோடு அங்கே அறுந்துதான் தெரியும். அதோடு எட்டில் இரண்டு போய்விட்டது, மிச்சம் ஆறு.