பித்தளைல எக்ஸ் கிளாஸ் மலை இன்ஜின்: பெயின்ட் எப்படிங்க அடிக்கறது?

உடுமலை_ரயில்பித்தன்:
வணக்கமுங்க எல்லாருக்கும். ஊட்டி மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ்ங்கற நீராவி இன்ஜின சின்ன மாடலா வீட்டுலயே பண்ணிட்டு இருக்கேனுங்க, மாடில ஓட்டற 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு. நெசமான லைன் மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர்ங்கறதால 1:22.5 ஸ்கேல் கணக்குப் பண்ணா சரியா உக்காருது. பாடி பூரா பித்தளைத் தகடு, ஈயம் வச்சு பத்த வச்சிருக்கேன், கேபினும் சைடு தண்ணி டேங்கும் முடிஞ்சுது. இப்ப பெயின்ட்டுங்க. நேரா நீல எனாமல் வாங்கி பிரஷ்ல தீட்டிறலாமுன்னு எங்க மாமா சொல்றாரு, சேக்காளி ஒருத்தன் ஸ்ப்ரே தான் அடிக்கோணும்ங்கறான். இன்னொண்ணு, உள்ள பாய்லர் வச்சு நெசமாவே ஆவில ஓட்டலாமுன்னு ஆசை நெம்ப இருக்குது, இதே பித்தளை பைப்ல பண்ணிக்கலாங்களா? மேல கீழ ரெண்டு சிலிண்டர் இருக்குதே, அது ரெண்டும் ஓடோணுமா இல்ல சும்மா பேருக்கு வச்சா போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணபதி_லேத்து:
தம்பி, மொதல்ல பாய்லர் விஷயத்த சொல்லிர்றேன், பெயின்ட் அப்பறமேட்டு. பித்தளை பைப்ல பாய்லர் வேண்டவே வேண்டாம். சூட்டுலயும் தண்ணிலயும் கெடந்தா பித்தளைல இருக்கற துத்தநாகம் மெல்ல மெல்ல வெளிய போயிரும், பாத்தா பைப் நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்குள்ள பொலபொலன்னு ஆயிருக்கும். செம்புல தான் பண்ணோணும். ஒட்டறதும் ஈயத்துல ஆகாது, தண்ணி வத்தி பாய்லர் காஞ்சா ஈயம் 190 டிகிரிக்குள்ளயே உருகி ஊத்திரும். வெள்ளி கலந்த கம்பிய உருக்கி ஒட்டற பிரேசிங் தான் பண்ணோணும், அதுக்கு 600 டிகிரிக்கு மேல சூடு வேணும், சின்ன டார்ச்சுல நடக்காது. முடிச்சதும் உள்ள தண்ணிய முழுசா ரொப்பி கைப்பம்புல அழுத்தம் குடுத்துப் பாக்கோணும். ஓட்டற அழுத்தம் 40 பிஎஸ்ஐன்னா (டயர் காத்து அளக்கற அதே கணக்கு) டெஸ்ட் 80. காத்து வச்சு டெஸ்ட் பண்ணிராதீங்க, தண்ணின்னா கசியும், அவ்ளோதான், காத்துன்னா வெடிக்கும். சேஃப்டி வால்வு இல்லாம அடுப்பே பத்த வைக்காதீங்க. என்னக் கேட்டா மொத இன்ஜினுக்கு கியர் மோட்டார் வச்சு ஓட்டுங்க, ஆவி ரெண்டாவதுக்கு வச்சுக்கலாம். இது பயமுறுத்தறதுக்கு சொல்லலீங்க, பட்டறைல இருந்து பாத்த பேச்சு.

காரமடை_சிக்னல்:
லேத்து அண்ணா சொல்றது சரிதானுங்க. அந்த சிலிண்டர் கதைய நான் சொல்றேன். கீழ இருக்கறது ஹை பிரஷர், அது சாதா சக்கரத்த ஓட்டும். மேல இருக்கறது லோ பிரஷர், அது நடுவுல இருக்கற பல்லுச் சக்கரத்துக்கு. மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் சமவெளி, அங்க கீழது மட்டும் தான் வேலை செய்யும். கல்லாறு தாண்டி, அந்தப் பல்லுச் சக்கரம் மாட்டிக்கற பல் தண்டவாளம் நடுவுல ஆரம்பிச்ச பொறவு தான் கீழ வேலை முடிச்ச ஆவி மேல சிலிண்டருக்குப் போகும், குன்னூர் வரைக்கும் அப்படி. ஆக உங்க மாடில பல் தண்டவாளம் போடலைன்னா மேல சிலிண்டரோட ராடு அசையாம நின்னாலும் தப்பே இல்ல, நெசமான வண்டியும் அப்படித்தான. மெனக்கெட்டு அத ஓட வைக்கறதுக்கு அந்த நேரத்துல பாடில ரிவெட் ஆணித் தலையப் போடுங்க, பாக்கறவன் கண்ணு அங்க தான் போகும்.
ஒருக்கா காலைல மேட்டுப்பாளையம் வந்து பாருங்க. மேல போறப்ப இன்ஜின் பின்னால நின்னு தள்ளும், அதனால முன்னாடி போயி நின்னுட்டு ஏமாறாதீங்க. வெயில்ல ஒரு போட்டோ நெழல்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, கலர் ரெண்டுலயும் வேற மாதிரி தெரியும், கூடவே இன்ஜினுக்கு இன்ஜின் காலத்துக்குக் காலம் மாத்தி அடிச்சிருக்காங்க. எந்த நம்பர் வண்டி, எந்த வருஷம்னு முடிவு பண்ணிட்டு அதையே புடிச்சுக்கோங்க.

திருப்பூர்_டிங்கர்_அக்கா:
தம்பி உங்க மாமா பேச்சக் கேக்காதீங்க 😄 பித்தளை மேல நேரா எனாமல் தீட்டுனா நகத்துல சொரண்டுனாலே உரிஞ்சு வந்துரும். ஈயம் ஒட்டறதுக்குன்னு தடவுன ஃப்ளக்ஸ் பசை ஓரத்துல ஒட்டிட்டு இருந்தா பெயின்ட்டுக்கு உள்ளயிருந்தே பச்சை பூக்கும். குத்துவிளக்கு வெளக்கற மாதிரி புளி போட்டு நல்லா தேய்ங்க, சந்து பொந்துக்கு பழைய டூத் பிரஷ், அப்பறம் சோப்புத் தண்ணி, அப்பறம் நெறைய நல்ல தண்ணி. காஞ்சதுக்கப்பறம் வெறுங்கையில தொடவே கூடாது, வெரல் எண்ணெய் பட்ட எடத்துல பிரைமர், அதாவது அடிக்கோட்டு, புடிக்காது.
கார் பெயின்ட் கடைல உலோகத்த கடிச்சுப் புடிக்கற எட்ச் பிரைமர்னு கேளுங்க, மெல்லிசா ஒரு கோட்டு. மேல டூகோங்கற கார் பெயின்ட் தான் ஸ்ப்ரேல அடிங்க, எனாமல விட சீக்கிரம் காயும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, டூகோ மேல எனாமல் போகலாம், எனாமல் மேல டூகோ போனா அதோட தின்னர் அடில இருக்கறத சுருட்டி விட்டுரும். கெட்டியா ஒரே கோட்டு அடிச்சா ரிவெட்டெல்லாம் மூடிப் போயிரும், தூவுன மாதிரி மூணு நாலு கோட்டா அடிங்க, நடுவுல தூசி உக்காந்தா 1000 நம்பர் உப்புத்தாள தண்ணில நனைச்சு லேசா. பொகைப்பொட்டிக்கும் பொகைபோக்கிக்கும் பைக் சைலன்சருக்கு அடிக்கற கருப்பு ஸ்ப்ரே போதும், சூடு தாங்கும், பின்னால ஆவி வச்சாலும் ஒண்ணும் ஆகாது.
அப்பறம் உடுமலைல ஆடி மாசத்துல மாடில பெயின்ட்டா? பாலக்காட்டுக் காத்து மொத்த மண்ணையும் கொண்டாந்து உங்க இன்ஜின் மேல கொட்டும். ரூமுக்குள்ள தரைல தண்ணி தெளிச்சு தூசிய அமுத்திட்டு, மாஸ்க் போட்டுட்டு, தின்னர் நெடி வெளிய போக ஒரு ஜன்னல தொறந்து வச்சுட்டு அடிங்க. மழை ஈரம் இருக்கற நாள்ல மட்டும் வேண்டாம், டூகோ வெள்ளையா பூத்துரும்.

உடுமலை_ரயில்பித்தன்:
நெம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. அப்ப மோட்டார் தானுங்க இப்போதைக்கு, மேல ராட அப்படியே நிறுத்திர்றேன். ஒரே ஒரு சந்தேகம்: நம்பர் பிளேட்ட பெயின்ட்டுக்கு முன்னால ஒட்டறதா, பின்னால ஒட்டறதா?

திருப்பூர்_டிங்கர்_அக்கா:
பின்னால. பிளேட்ட தனியா கருப்பு அடிச்சு, எழுத்து மேல மட்டும் உப்புத்தாள் ஓட்டுங்க, பித்தளை மஞ்சளா எந்திரிச்சு நிக்கும். அப்பறம் ரெண்டு சொட்டு பிசின் வச்சு ஒட்டிருங்க.