அம்மாவின் பழைய டேப்லெட்டில் அழித்த படங்கள் "மேலேயும்" இல்லை

கிணற்றடி:

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடம் அவரை எடுத்த படங்கள் எல்லாம் அம்மாவின் டேப்பில் எடுத்தவைதான். 16 ஜிபி டேப். ஆண்ட்ராய்டு எடுத்துக்கொண்டது போக மிச்சம் 11-க்கும் குறைவு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். படங்கள் தானாகவே கிளவுடில் (இணையச் சேமிப்பில்) ஏறும்படி நான்தான் வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அம்மாவிடம் சொன்ன வார்த்தை இது: "இனிமே எல்லாம் மேலே போயிடும்மா, கவலைப்படாத."

தீபாவளிக்கு முந்தின வாரம் "இடம் இல்லை" என்று டேப் சொல்லியிருக்கிறது. கொலு பொம்மைகளை எடுத்து உள்ளே வைத்த கையோடு அம்மா இரண்டு மதியம் உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார், படம் ஏறுகிற அதே செயலிக்குள் போய்.

எனக்கு இது தெரிந்தது பொங்கலுக்கு முதல் நாள். படையலுக்கு அப்பா படம் வேண்டும். வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியது, அப்பா மாதிரியே இருக்காது. வாய்க்கால் மதகில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சிரிக்கிற படம்தான் அம்மாவுக்கு வேண்டும். என் போனில் அதே கணக்கைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். 2018 வந்தது. அடுத்து நேராக 2022 வந்தது. நடுவில் எதுவும் இல்லை.

அம்மா மாவு ஒட்டிய கையோடு அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "டேப்பில் அழிச்சிட்டேன்டா. அதான் மேலே இருக்கே, அங்கேயிருந்து எடு" என்றார். சொல்லும்போது முகவாயால் மேலே காட்டினார், உத்தரத்தைக் காட்டுவது மாதிரி. எனக்குப் பதில் வரவில்லை. அழித்ததை வைத்திருக்கிற தொட்டியைத் திறந்து பார்த்தேன், அதன் கெடுவும் முடிந்து காலியாக இருந்தது.

யாருக்காவது இது நடந்திருக்கிறதா?

ஏழாம்வளைவு:

எனக்கு நடந்தது மெமரி கார்டில். ஆனால் முடிவு ஒன்றுதான்.

எங்கள் தாத்தா வில்லுப்பாட்டு பாடுவார். ஊர்க் கொடையில் மூன்று ராத்திரி உட்கார்ந்து அவர் பாடியதை டேப்பில் ஒலிப்பதிவு செய்தேன், மொத்தம் 41 கோப்புகள். உள் இடம் போதாது என்று 64 ஜிபி கார்டு போட்டிருந்தேன். முதல்முறை போட்டபோது, கழற்றி எடுக்கும் கார்டாக வைக்கவா, டேப்பின் உள் சேமிப்பாகவே சேர்த்துக்கொள்ளவா என்று கேட்டது. இரண்டாவதைத் தொட்டேன். அதிக இடம் கிடைக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் தெரியும்.

போன ஆனி மாதம் டேப் போர்டு போய்விட்டது. கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். "இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அந்தப் பெட்டி இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. தாத்தாவின் குரல் முழுக்க உள்ளே இருக்கிறது, வெளியே நின்று ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறார்கள்.

கடையில் கேட்டபோதுதான் புரிந்தது. அப்படிச் சேர்த்த கார்டைப் பூட்டித்தான் எழுதுமாம், சாவி டேப்புக்குள் இருக்குமாம். டேப் செத்தால் சாவியும் போச்சு.

கிளவுடில் பார்த்தேன். மூன்று கோப்புதான் ஏறியிருந்தது. 38 காத்திருந்தன. "வைஃபையில் மட்டும் ஏற்று" என்று அமைப்பில் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. அந்த மூன்றும் நான் மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று ஏறியவை.

கார்டைத் தூக்கிப் போடவில்லை. பீரோவில் துணிப்பையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

வெள்ளைப்பலகை:

ஏழாம்வளைவு, உங்கள் வலி புரிகிறது. ஆனால் கார்டு விஷயத்தையும் கிளவுட் விஷயத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது. உங்களுக்கு நடந்தது படியே (நகலே) எடுக்காததால் வந்த இழப்பு. கிணற்றடிக்கு நடந்தது வேறு. அவரிடம் இரண்டு இடத்தில் இருந்தது. ஆனால் அந்த இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி, இங்கே இழுத்தால் அங்கேயும் வரும். அதற்குப் பெயர் ஒத்திசைவு (சிங்க்). காப்புப்படி (பேக்கப்) என்பது வேறு பொருள். நான் கணினி வகுப்பு எடுப்பவன். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தாலும் நிறுத்துவதில்லை, காரணம் வாரத்துக்கு ஒருவர் அழுதுகொண்டு வருகிறார்.

என் சொந்த அனுபவம் சின்னதுதான். பழைய டேப்பில் மாணவர்களின் செய்முறை வீடியோக்கள் வைத்திருந்தேன். ஒருநாள் கிளவுட் செயலி "புதிய பதிப்புக்கு மாறவும்" என்றது, செயலிக் கடையில் (ஆப் ஸ்டோரில்) போய்ப் பார்த்தால் "உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" என்றது. கோப்புகள் பத்திரமாக இருந்தன. டேப்பால்தான் அவற்றை எட்ட முடியவில்லை. லேப்டாப்பில் எடுத்துக்கொண்டேன்.

அதனால் சொல்கிறேன், பழைய டேப்புக்குச் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஜிபி சும்மா தருகிறார்கள் என்று முதலில் பார்க்காதீர்கள். அமைப்புகளில் போய் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 4.4-க்கு கூகுள் பிளே சேவைகளின் (கூகுள் செயலிகள் ஓடத் தேவையான பின்னணி மென்பொருளின்) புதுப்பிப்பு 2023 ஆகஸ்டோடு நின்றது. ஐபேட் 2, ஐபேட் 3, முதல் ஐபேட் மினி மூன்றும் ஐஓஎஸ் 9.3-ஐத் தாண்டாது. முதல் ஐபேட் ஏர், மினி 2, மினி 3 மூன்றும் 12-இல் நிற்கின்றன. உங்கள் எண்ணில் எந்தச் செயலி இன்றைக்கும் நிறுவ முடிகிறதோ அதுதான் உங்கள் சேவை. நிறுவ முடியாவிட்டால் பிரவுசரில் திறக்கிறதா என்று பாருங்கள், மெதுவாக இருந்தாலும் வேலை நடக்கும்.

அப்புறம்தான் அளவு. கூகுளில் 15 ஜிபி, ஆனால் மெயில், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து அதுதான். ஐகிளவுடில் 5, ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2. கூகுள் ஃபோட்டோஸில் சுருக்கிய படங்களுக்கு அளவே இல்லாமல் இடம் கொடுத்தது 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. அதற்கு முன் சுருக்கிய தரத்தில் ஏற்றியவை இன்றும் கணக்கில் வராது, அவற்றை இடத்துக்காக அழிப்பது வீண். பழைய டேப் கேமரா பெரும்பாலும் 5 மெகாபிக்சல். படத்தின் அளவைக் குறைப்பது 16 மெகாபிக்சலைத் தாண்டினால்தான். அதனால் அந்தப் படங்களுக்குச் சுருக்கிய தரமே போதும், மூலத்தரம் வேண்டும் என்று இடத்தை வீணாக்க வேண்டாம்.

முக்கியமானது இது. டேப்பில் மட்டும் இடம் வேண்டுமென்றால் "இடத்தைக் காலியாக்கு" என்று ஒரு தனி வேலை இருக்கும். அது ஏற்கெனவே ஏறிய படங்களின் டேப் படியை மட்டும் எடுக்கும். குப்பைத்தொட்டிச் சின்னத்தைத் தொட்டால் இரண்டு பக்கமும் போகும். ஐபேடில் ஐகிளவுட் ஃபோட்டோஸ் போட்டிருந்தால் கையால் அழிப்பது எப்போதுமே எல்லாச் சாதனத்திலும் அழிப்பதுதான். அங்கே இடம் வேண்டுமென்றால் சேமிப்பைச் சீராக்கும் அமைப்பைப் போட வேண்டும், சின்னப் படியை மட்டும் ஐபேடில் வைத்துக்கொள்ளும். அழித்தது ஐகிளவுடில் 30 நாள் இருக்கும். அந்தக் கெடுவை நம்பி அழிக்காதீர்கள்.

பிளாட்பாரம்5:

வெள்ளைப்பலகை, அழித்தால் இரண்டு பக்கமும் போகும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். என் ஆண்ட்ராய்டு டேப்பில் கேலரியில் போய் எத்தனையோ அழித்திருக்கிறேன், கிளவுடில் அப்படியே இருக்கிறது. கிணற்றடி வீட்டில் வேறு யாராவது கிளவுடில் கை வைத்திருப்பார்களோ என்று நினைக்கிறேன்.

என் கதை வேறு. இடம் நிரம்பினால் படம் ஏறாது என்று மட்டும் நினைத்திருந்தேன். டேப்பும் போனும் ஒரே கணக்கு. தங்கை கல்யாண வீடியோ மூன்று மணி நேரம், அதை அப்படியே டேப்பிலிருந்து ஏற்றிவிட்டேன். மறுநாளிலிருந்து எனக்கு மெயில் வரவில்லை. இது தெரியாமலேயே ஒன்பது நாள்.

பத்தாவது நாள் ஒரு பெண்மணி கூப்பிட்டார், நேர்காணலுக்கு அழைத்த அலுவலகத்திலிருந்து. "சார், உங்களுக்கு மூணு தடவை அனுப்பினோம், பெட்டி நிரம்பிடுச்சுன்னு திரும்பி வருது. நீங்க வரீங்களா இல்லையா?" நேர்காணல் முந்தின நாளே முடிந்திருந்தது. ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு அந்த அழைப்பைப் பேசினேன். பக்கத்தில் வண்டி வந்த சத்தத்தில் அவரை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். முதல் முறையே தெளிவாகத்தான் கேட்டது.

கல்யாண வீடியோவைக் கணினியில் இறக்கிவிட்டு கிளவுடில் அழித்தேன், தொட்டியையும் காலி செய்தேன். அதைக் காலி செய்யும் வரை இடம் திரும்பவில்லை. மெயில் மறுபடி வரத் தொடங்கியது. அந்த மூன்று மெயில் வரவே இல்லை.

வெள்ளைப்பலகை:

பிளாட்பாரம்5, இரண்டு பேரும் சொல்வது சரி. நீங்கள் அழித்தது டேப்போடு வந்த கேலரி செயலியில். அது டேப்பில் உள்ள கோப்பை மட்டும் எடுத்தது. கிணற்றடியின் அம்மா அழித்தது கிளவுட் செயலிக்கு உள்ளே. "அதே செயலிக்குள் போய்" என்று அவரே எழுதியிருக்கிறார், இன்னொரு முறை படியுங்கள். வீட்டில் யாரோ கை வைத்தார்கள் என்று சொல்வது அந்த அம்மாவுக்கும் நியாயம் இல்லை, மகனுக்கும் இல்லை. அதோடு, உங்கள் கேலரியும் வேறொரு கிளவுடோடு கோர்த்திருந்தால் அங்கேயும் போகும். ஒருமுறை வேண்டாத படம் ஒன்றை அழித்து, வேறொரு சாதனத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தொடருங்கள்.

பிளாட்பாரம்5:

சரி, கவனிக்கவில்லை. கிணற்றடி, மன்னிக்கவும்.

கொய்யாமரம்:

இலவச இடத்தைப் பற்றியே பேசுகிறோம். பணம் கட்டியவர்கள் நிலைமையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் வெளியூரில் இருக்கிறார். அப்பாவின் டேப்புக்காக 100 ஜிபி வாங்கி மாதம் 130 ரூபாய் தன் வங்கிக் கார்டில் தானாகக் கழியும்படி வைத்தார். 2021 அக்டோபர் 1-இலிருந்து ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்து, பழைய தானியங்கிக் கழிவுகள் பல நின்றுபோனது நினைவிருக்கும். அதில் இதுவும் நின்றது. அண்ணனுக்கு வந்த செய்தியை அவர் கவனிக்கவில்லை. டேப்பிலும் எச்சரிக்கை வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வந்ததும் விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தினசரி படிக்கப் போயிருக்கிறார், ஏழு மாதமும்.

நான் போனபோது டேப்பின் மேல்பக்கம் அந்த ஆரஞ்சு நிற முக்கோணம். "இது என்னப்பா?" என்றேன். "அது எப்பவும் இருக்கும்மா" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஏழு மாதமாக ஒரு படமும் ஏறவில்லை, அதற்குள் என் மகளுக்கு மொட்டை அடித்துக் காது குத்தியது நடந்து முடிந்திருக்கிறது. நல்லவேளை டேப் உயிரோடு இருந்தது, எல்லாவற்றையும் ஏற்ற முடிந்தது.

முதலில் செய்தது டேப்பின் மொழியைத் தமிழுக்கு மாற்றியது. அன்றே அப்பா ஒரு எச்சரிக்கையைச் சத்தமாக வாசித்து என்னைக் கூப்பிட்டார். இது பேட்டரி பற்றியது, ஆனாலும் கூப்பிட்டார். பெரியவர்கள் கையில் டேப்பைக் கொடுக்கிற எல்லோரும் இதைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம்வளைவு:

கொய்யாமரம், நன்றி, மொழியை மாற்றலாம் என்றே தோன்றியதில்லை. வெள்ளைப்பலகை சொன்னதும் சரிதான், நான் படியே எடுக்கவில்லை. பாட்டி வைத்திருக்கும் டேப்பிலும் அந்த வைஃபை அமைப்பைப் பார்த்தேன், அதே கதை. மொபைல் டேட்டாவில் தினம் 200 எம்பி வரை ஏற்றலாம் என்று மாற்றியிருக்கிறேன்.

கிணற்றடி:

எல்லோருக்கும் நன்றி. பிளாட்பாரம்5, பரவாயில்லை.

மதகுப் படம் கிடைத்தது. எப்போதோ அம்மா அதைச் சித்தப்பாவுக்கு அனுப்பச் சொல்லி, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். சித்தப்பா போனில் இருந்தது. நீளம் 1,600 பிக்சல்தான். ஸ்டூடியோவில் கொடுத்தேன். அவர் கணினியில் பெரிதாக்கிக் காட்டினார், அப்பாவின் மீசை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. "6-க்கு 4 அருமையா வரும் தம்பி. 12-க்கு 18 போட்டா முகம் உடைஞ்சிடும்" என்றார். 6-க்கு 4 வாங்கி வந்தேன். அம்மா அதை விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். பெரிய சட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டேப்பில் அம்மா அழிக்காமல் விட்டது 340 படம் இருந்தது. சார்ஜ் போடும் இடம் ஆடுகிறது, எத்தனை நாள் தாங்கும் தெரியாது. ஓடிஜி கேபிளும் (டேப்பில் பென்டிரைவைச் செருக உதவும் கேபிள்) பென்டிரைவும் வாங்கி, கிளவுட் பக்கமே போகாமல் நேராகக் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போது 212 ஆகியிருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமும் போகும்போது யார் அது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கோப்புப் பெயரில் அவர் சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன், அதனால்தான் மெதுவாகப் போகிறது.