மேல்நிலை மதர்போர்டு வாங்கினால் உப்புக்காற்றைத் தாங்குமா?

முத்துநகரான் (தூத்துக்குடி):

வணக்கம். மூன்று ஆண்டுகளில் இரண்டு மதர்போர்டுகளை இழந்துவிட்டேன். மூன்றாவதையும் பறிகொடுக்க எனக்கு மனமும் இல்லை, வசதியும் இல்லை. அதனால்தான் வாங்கும் முன் உங்களிடம் கேட்கிறேன்.

முதல் போர்டில் ஓர் ஐப்பசி மழை இரவுக்குப் பிறகு லேன் (கம்பி வழி இணைய இணைப்பு) மட்டும் வேலை செய்யவில்லை. யுஎஸ்பியில் ஓர் அடாப்டரை மாட்டிச் சமாளித்தேன். பொங்கலுக்குள் போர்டே நின்றுவிட்டது. இரண்டாவது போர்டு போன கார்த்திகையில் அதே வரிசையில் போனது: முதலில் லேன், பிறகு எல்லாம். இரண்டும் நடுத்தர விலை, வெவ்வேறு நிறுவனங்கள். சிப் லெவல் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்தேன். "உப்புக்காற்று, உள்ளே களிம்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து உப்பளம் ஒன்றரை கிலோமீட்டர்தான். ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உதிரும் ஊர். ஆகவே நம்பினேன்.

இப்போது ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கிராஃபிக்ஸ் கார்டும் பழையவை, நன்றாகவே இருக்கின்றன. கடைக்காரர் 52,000 ரூபாய்க்கு ஓர் எக்ஸ்870இ போர்டைக் காட்டுகிறார். 18+2+2 ஃபேஸ் (போர்டில் பிராசசருக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் சுற்றுகள்), ஆயுளுக்கும் கவலை இல்லை என்கிறார். 29,000 ரூபாயில் ஓர் எக்ஸ்870 போர்டும் இருக்கிறது. விலை கூடினால் ஆயுளும் கூடுமா?

தம்பி தோஹாவில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் சேர்ந்து விளையாடுவோம். அந்த நேரத்தில்தான் அவன் மனம்விட்டுப் பேசுவான். கணினி நின்றுபோன ஐந்து வாரங்களும் தொலைபேசியில் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. ஆகவே எனக்கு இது வெறும் பொழுதுபோக்குப் பொருள் அல்ல.

இன்னொன்று. கேபினட்டின் பின்புறத்தைத் தொட்டால் விரலில் லேசாகச் சுரீர் என்கிறது. நெடுநாளாகவே அப்படித்தான்.

---

பாரிமுனை வாசி (சென்னை):

ரிச்சி தெருவில் வாரம் நான்கைந்து கணினிகளாவது பொருத்துகிறேன். உங்கள் பிராசசருக்கு அந்த 18 ஃபேஸ் தேவையே இல்லை. 9800எக்ஸ்3டி எவ்வளவு முக்கினாலும், அதன் இயல்பான வரம்பு 162 வாட். விளையாட்டில் பெரும்பாலும் அதற்கு வெகு கீழேதான் இருக்கும். 29,000 ரூபாய் போர்டின் மின்வழங்கும் பகுதி அதை வியர்க்காமல் தாங்கும். 230 வாட் வரை இழுக்கும் 16 கோர் பிராசசரை நாள் முழுக்க ரெண்டரிங்கில் ஓட்டுபவர் ஃபேஸ் எண்ணிக்கையைக் கேட்டால் அதில் பொருள் உண்டு.

எக்ஸ்870இ என்றால் சிப்செட் (போர்டின் இணைப்புகளைக் கவனிக்கும்) சில்லு இரண்டு, எக்ஸ்870 என்றால் ஒன்று. இரண்டு சில்லு இருந்தால் எஸ்எஸ்டி, யுஎஸ்பி இணைப்புகள் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை.

நான் பணம் கொடுக்கச் சொல்வது இரண்டு வசதிகளுக்கு. ஒன்று, பிராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) ஏற்றும் பொத்தான். மற்றது, கோளாறு எங்கே என்று எண்ணாகக் காட்டும் சிறிய திரை. கடை பக்கத்தில் இல்லாத ஊரில் அந்த இரண்டு இலக்கம் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். எண் திரை இல்லாவிட்டாலும் பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் என்ற நான்கு விளக்குகளாவது இருக்க வேண்டும்.

---

சால்டரிங் மேசை (கோயம்புத்தூர்):

தம்பி, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் நோய். போர்டு வாங்குவதை இன்றே நிறுத்துங்கள்.

2004 முதல் போர்டு பழுது பார்க்கிறேன். நான் தொழிலுக்கு வந்தபோது கன்டென்சர்கள் வீங்கி வெடித்த போர்டுகள் மேசையில் குவிந்து கிடக்கும். 'ஜப்பான் கன்டென்சர்' என்று பெட்டியில் போட்டு விற்பது அந்தக் காலத்தில் வேரூன்றிய பழக்கம். அன்று அதில் நியாயம் இருந்தது. இன்று நடுத்தர விலைப் போர்டிலும் திட பாலிமர் கன்டென்சர்தான். வீங்கிய கன்டென்சரோடு ஒரு புதிய போர்டை நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது என்னிடம் வருபவை சாக்கெட் பின் வளைந்தவை, மின்னலில் லேன் சில்லு வெந்தவை, எர்த் இல்லாத வீட்டிலிருந்து வருபவை. உப்புக் களிம்பும் உண்டு. ஆனால் அது லேனை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்துத் தின்னாது, அதுவும் இரண்டு முறையும் மழைக்காலத்தில்.

எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கன்டென்சர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து (இது வீட்டு மின்சாரத்தின் ஃபேஸ் கம்பி, போர்டின் ஃபேஸ் அல்ல) கேபினட்டுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து கேபினட்டுக்கு. எர்த் சரியாக இருந்தால் அங்கே கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கேபினட் நடுவில் தொங்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அதன் மேல் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீரோடு நிற்கிறது. ஆனால் இடியோ மின்தடையோ வந்து மின்சாரம் துள்ளும்போது அது வெளியேற வழி தேடும். உங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த வழி லேன் கம்பியாக இருக்கலாம்.

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, கணினி மாட்டும் பிளக்கில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து எடுங்கள், விளையாட்டு வேண்டாம். இணையம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்றும் எழுதுங்கள்.

---

வைகைக்கரை (மதுரை):

52,000 ரூபாய் வகைப் போர்டுதான் என்னிடம் இருக்கிறது. குறை சொல்லவில்லை, எனக்குத் தேவை இருந்தது: காணொளித் தொகுப்பு, நான்கு எஸ்எஸ்டி. ஆனால் இரண்டாவது ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தரவு போகும் 16 பாதை எட்டாகிவிட்டது. விளையாட்டில் வேறுபாடு தெரியவில்லை என்றாலும், கையேட்டை முதலிலேயே படித்திருக்கலாம். எந்தப் போர்டை வாங்கினாலும் எந்த ஸ்லாட் எதோடு பங்கு போடுகிறது என்ற பக்கத்தை வாங்கும் முன் படியுங்கள்.

ரேம் இரண்டு குச்சியாக வாங்குங்கள். இந்த சாக்கெட்டில் நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600தான். இரண்டு குச்சியில் 6000 எளிதாக ஓடும்.

---

முத்துநகரான் (தூத்துக்குடி):

எலக்ட்ரீஷியன் இன்று காலை வந்தார். ஃபேஸ்–நியூட்ரல் 234. ஃபேஸ்–எர்த் 118. நியூட்ரல்–எர்த் 109. மீட்டர் பழுதோ என்று சமையலறையிலும் அளந்தார், அங்கும் அதே கதை. பின்புறம் எர்த் குழியைத் தோண்டினால், குழாயில் கம்பி சேரும் கிளாம்ப் துருவாகிக் கையோடு வந்துவிட்டது. ஆக, உப்பு என் போர்டைத் தின்னவில்லை, எர்த்தைத் தின்றிருக்கிறது. அந்தத் துருவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இதே வீட்டில்தான் அம்மா ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிறார்.

புதிய குழி போட 7,000 ரூபாய் கேட்கிறார், நாளை வேலை. இணையம் மாடியில் மாமா வீட்டு மோடத்திலிருந்து வருகிறது. மொட்டை மாடி வழியாக முப்பது மீட்டர் லேன் கேபிள்.

---

சால்டரிங் மேசை (கோயம்புத்தூர்):

அந்த முப்பது மீட்டரையும் எடுத்துவிடுங்கள். திறந்த வெளியில் கிடக்கும் செம்புக் கம்பி பக்கத்தில் விழும் இடியின் தாக்கத்தை உள்ளே கொண்டுவரும். அதன் இடத்தில் உலோகக் கம்பியே இல்லாத ஃபைபர் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் லேனையும் இணைக்கும் சிறு பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது.

போர்டுக்கு இனி 29,000 போதும். பொருத்தும்போது சாக்கெட்டில் கவனம். 1718 பின்களும் போர்டின் பக்கம்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடைப்பது அரிது. பிராசசரைப் போடும் முன் புதிய பயாஸை ஏற்றிவிடுங்கள். 2023இல் 7800எக்ஸ்3டி பிராசசர்கள் கருகியது நினைவிருக்கும். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும், பிராசசருக்குள் இருக்கும் எஸ்ஓசி பகுதியின் மின்னழுத்தம் அளவுக்கு மேல் போனதால் வந்த வினை அது. ஏஎம்டி 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியதும் பயாஸ் வழியாகத்தான். விலை உயர்ந்த போர்டுகளும் அன்று அதில் சிக்கின.

முதல் முறை இயக்கும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு அப்போது ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து அணைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடி வைக்காமல் தினமும் சற்று நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தம்பியை வாங்கிவரச் சொல்லிவிடாதீர்கள், இங்கே வாரண்டிக்கு அலைய வேண்டியிருக்கும்.

---

முத்துநகரான் (தூத்துக்குடி):

குழி வேலை முடிந்தது. நியூட்ரல்–எர்த் இப்போது 1.4 வோல்ட். கேபினட்டை ஈர விரலால் தொட வேண்டும் என்று ஆசை வந்தது, எலக்ட்ரீஷியன் கையைத் தட்டிவிட்டார். உலர்ந்த விரலில் எதுவும் தெரியவில்லை.

29,000 ரூபாய் எக்ஸ்870தான் வாங்கினேன். பயாஸ் பொத்தானும் நான்கு விளக்குகளும் இருக்கின்றன. மிச்சப் பணத்தில் எர்த் குழி, ஃபைபர், இரண்டு கன்வர்ட்டர் எல்லாம் போக 12,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கிறது. முதல் முறை இயக்கியபோது ரேம் விளக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் எரிந்தது. நீங்கள் சொல்லியிராவிட்டால் நிச்சயம் அணைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை தம்பியோடு இரண்டு மணி நேரம் என்று தொடங்கியது நள்ளிரவு வரை போனது. அவனுக்கு அங்கே வேலை மாறுகிறதாம், மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தான்.