பிராக் மூன்று நாள், முழங்கால் வலியுள்ள அத்தையோடு: இந்தத் திட்டம் சரிவருமா?

வெண்தாழை:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வார இறுதியில் நான், கணவர், அவருடைய அம்மா மூவரும் வியன்னாவிலிருந்து ரயிலில் பிராக் போகிறோம். வியாழன் இரவு போய்ச் சேருவோம், ஞாயிறு மாலை திரும்பும் ரயில். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பார், படிக்கட்டு என்றால் கஷ்டம். ஆனால் பழைய கோயில், கோட்டை என்றால் ஆர்வம் அதிகம், "என்னை ஓட்டலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போகாதீர்கள்" என்று இப்போதே சொல்லிவிட்டார்.

நான் போட்டிருக்கும் திட்டம் இதுதான்: வெள்ளி முழுக்கப் பழைய நகரம், வானியல் கடிகாரம், அந்தப் பக்கம். சனி காலை யூதர் பகுதியான ஜோசஃபோவ், மதியம் சார்லஸ் பாலம். ஞாயிறு காலை கோட்டையும் செயின்ட் வீட்டஸ் பேராலயமும், அப்புறம் ரயில். இடையில் நேரம் கிடைத்தால் பக்கத்து ஊரான குட்னா ஹோரா போய் எலும்பு தேவாலயம் பார்க்கலாமா என்று கணவர் கேட்கிறார். கோட்டை மலைமேல் இருக்கிறதே, அத்தையை எப்படி ஏற்றுவது என்பதுதான் பெரிய கவலை. அவர் முட்டைகூடச் சாப்பிடாத சைவம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிராம்பித்தன்:

திட்டம் பார்த்தேன். இடங்கள் எல்லாம் சரி, கிழமைகள்தான் தப்பு. யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தொழுகைக்கூடங்கள், பழைய கல்லறைத்தோட்டம் எல்லாமே சனிக்கிழமை மூடியிருக்கும், அது அவர்களுடைய ஓய்வு நாள். பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். நீங்கள் சரியாக மூடியிருக்கும் நேரங்களாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள்! கோட்டையை வெள்ளிக்கு நகர்த்துங்கள், ஜோசஃபோவை ஞாயிறு காலைக்குக் கொண்டுபோங்கள், பழைய நகரத்தைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு வெள்ளிதான் நல்லது, சனி ஞாயிறை விடக் கூட்டம் கொஞ்சம் குறைவு.

அடுத்து மலை. கோட்டைக்கு ஏறவே வேண்டாம், இறங்கினால் போதும். 22ஆம் எண் டிராம் கீழே நகரத்துக்குள்ளிருந்து ஆற்றைக் கடந்து மாலா ஸ்ட்ரானா என்ற பகுதி வழியாக மலையைச் சுற்றி மேலே போகிறது. பலர் "பிராஷ்ஸ்கி ஹ்ராட்" நிறுத்தத்தில் இறங்குவார்கள், அங்கிருந்தும் சமதரைதான். ஆனால் நான் சொல்வது அதற்கும் அப்பால் "போஹோர்ஷெலெட்ஸ்" வரை போய் இறங்குங்கள். அங்கிருந்து லொரெட்டா தேவாலயம் வழியாக மெல்லச் சரிந்து இறங்கும் தெருவில் நடந்தால் கோட்டையின் முன்வாசலுக்கே வந்துவிடலாம். வாசலுக்கு முன் இருக்கும் சதுக்கத்தின் ஓரத்தில் நின்றால் நகரத்தின் சிவப்புக் கூரைகள் எல்லாம் காலடியில் தெரியும், அத்தையை அங்கே கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். பன்னிரண்டு மணிக்கு முதல் முற்றத்தில் காவலர் மாறும் சடங்கு வாத்தியத்தோடு நடக்கும், மற்ற நேரங்களில் மணிக்கொரு முறை வாத்தியமில்லாமல் சின்னதாக நடக்கும்.

பார்த்து முடித்ததும் எல்லோரும் கிழக்கு வாசல் வழியாகப் பழைய கோட்டைப் படிக்கட்டில் இறங்குவார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். வடக்கு வாசலில் வெளியே வந்து சின்னப் பாலத்தைக் கடந்தால் மறுபடி அதே 22, உட்கார்ந்தே கீழே வந்துவிடலாம்.

இன்னொன்று, அதே வழியில் 23ஆம் எண்ணும் வரும், அதில் ஓடுவது பழைய டாட்ரா டி3 வண்டிகள். பார்க்க அழகு, எனக்கு உயிர், ஆனால் ஏறுவதற்கு உயரமான படிகள். முழங்கால் வலிக்கு ஆகாது. தரை தாழ்ந்த 22 வரட்டும் என்று காத்திருங்கள். அதில் ஜேப்படி அதிகம் என்று பெயர், பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். 72 மணி நேரச் சீட்டு வாங்கினால் டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றுக்கும் ஒன்றே. காகிதச் சீட்டாக இருந்தால் முதல் பயணத்தில் மஞ்சள் இயந்திரத்தில் ஒருமுறை முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு கையில் இருந்தாலும் அபராதம்தான், சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் சுற்றுலாப் பயணி என்று இரக்கப்படமாட்டார்கள்.

கல்வெட்டுக்காரி:

டிராம்பித்தன் சொன்ன கோட்டை வழி அருமை, அதை அப்படியே செய்யுங்கள். பேராலயத்துக்குள் அத்தை என்ன பார்க்கலாம் என்று நான் சொல்கிறேன். 1344இல் கட்ட ஆரம்பித்த கட்டடம், முழுதாக முடிந்தது 1929இல். நடுவில் போர், பணமில்லை, மன்னர் மாறினார் என்று நின்று நின்று நடந்த வேலை. அதனால் உள்ளே மேற்குப் பாதி புதிது, கிழக்குப் பாதி பழையது. இடப்பக்கத்தில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு, வெயில் அடிக்கும்போது பாருங்கள். தெற்குக் கோபுரம் ஏறலாம் என்று பலகை இருக்கும், 287 படி, லிஃப்ட் கிடையாது, அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். கோபுரம் ஏறத்தான் வேண்டும் என்றால் பழைய நகர மன்றக் கோபுரம் ஏறுங்கள், அங்கே லிஃப்ட் இருக்கிறது, அத்தையும் வரலாம்.

வானியல் கடிகாரம் பற்றி ஒரு மாற்றுக்கருத்து. மணி அடிக்கும்போது எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுப்பதும் இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் பொம்மைகளாக ஜன்னலில் வந்து போவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காக அரை மணி நேரம் கூட்டத்தில் கழுத்தை நிமிர்த்தி நிற்பது வயதானவருக்குத் தேவையில்லாத வேலை. பத்து மணிக்கு நிகழ்ச்சி என்றால் பத்தே கால் மணிக்குப் போங்கள், கூட்டம் கலைந்திருக்கும், கடிகார முகப்பை நிதானமாகப் பார்க்கலாம். உண்மையில் பார்க்க வேண்டியது அந்த முகப்புதான். 1410இல் செய்தது, சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் இருக்கின்றன என்று இன்றைக்கும் காட்டுகிறது. பஞ்சாங்கம் பார்ப்பவர் என்றால் அத்தைக்கு விளக்கவே வேண்டாம். செய்தவரின் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் கதை விடுவார்கள், அந்தக் கதையின் நாயகன் ஹனுஷ். ஆனால் கடிகாரத்தைச் செய்தது கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்பவர் என்று ஆவணம் இருக்கிறது.

கடிகாரம் இருக்கும் அதே பழைய நகர மன்றக் கோபுரத்தடியில் தரையைக் குனிந்து பாருங்கள். கல் பாவிய தரையில் வெள்ளைச் சிலுவைகள் 27 இருக்கும். அன்று ஆண்ட ஹப்ஸ்பர்க் அரசை எதிர்த்த கிளர்ச்சியின் தலைவர்கள் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று அங்கேதான் கொன்றார்கள். மேலே கடிகாரத்தைப் படம் எடுக்க வரும் கூட்டத்தில் பலர் அதை மிதித்துக்கொண்டுதான் போவார்கள்.

சார்லஸ் பாலம் காலையில்தான், மதியம் வேண்டவே வேண்டாம். மதியம் போனால் பார்ப்பது பாலத்தை அல்ல, முதுகுகளை. அக்டோபர் கடைசியில் சூரியன் ஏழரை மணிக்கு மேல்தான் உதிக்கும், அதனால் ரொம்ப சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியதில்லை. நாலாம் சார்லஸ் அடிக்கல் நாட்டியது 1357இல். அதுவும் ஒன்பதாம் தேதி ஏழாம் மாதம் காலை 5.31க்கு நாட்டினார், எண்களை வரிசையாக எழுதினால் 135797531 வரும் என்று சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, நாள் நட்சத்திரம் பார்ப்பதில் நம்மவர்களையே மிஞ்சிய ராஜா! பாலம் அரை கிலோமீட்டர் நீளம், சமதரை, ஆனால் கற்கள் மேடும் பள்ளமும். அத்தைக்கு அடிப்பாகம் கெட்டியான, வழுக்காத செருப்போ ஷூவோ கட்டாயம்.

காசுக்கணக்கு:

ஊரைப் பற்றி அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் பணத்தைப் பற்றி மட்டும். செக் குடியரசின் பணம் யூரோ இல்லை, கோருனாதான். சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், ஆனால் அவர்கள் போடும் விகிதம் அவர்களுக்குத்தான் லாபம். பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும். இயந்திரம் "யூரோவிலா கோருனாவிலா" என்று கேட்டால் எப்போதும் கோருனாவை அழுத்துங்கள். ஏ.டி.எம்.மிலும் அதே கேள்வி வரும், அதே பதில்தான். கமிஷன் இல்லை என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்திருக்கும் பணமாற்றுக் கடைகளில் கமிஷனை விகிதத்துக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். 2019இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்கு ரசீதோடு திரும்பிப் போனால் பரிமாற்றத்தை ரத்து செய்ய வேண்டும் (1000 யூரோ மதிப்பு வரைக்கும்). தெருவில் ஒருவர் வந்து "நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்" என்றால் பேச்சே கொடுக்காதீர்கள், வேறு நாட்டுச் செல்லாத நோட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

அப்புறம், பழைய நகரம் முழுக்க உருளையில் சுட்டு உள்ளே ஐஸ்கிரீம் நிரப்பிக் கொடுக்கும் த்ருதெல்னீக் என்ற ஒன்றைப் பாரம்பரியம் என்று விற்பார்கள். சுற்றுலாக்காரர்களுக்காகப் பரவிய பண்டம். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், பாரம்பரியம் என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

வெண்தாழை:

ஐயோ, சனிக்கிழமை விஷயம் சுத்தமாகத் தெரியாது, ரொம்ப நன்றி. போஹோர்ஷெலெட்ஸ் வழியை அத்தையிடம் சொன்னேன், "அப்படியென்றால் நான் தயார்" என்கிறார். குட்னா ஹோரா பற்றி யாரும் சொல்லவில்லையே? சாப்பாடும்.

கல்வெட்டுக்காரி:

குட்னா ஹோரா ரயிலில் ஒரு மணி நேரம்தான், இடமும் நல்ல இடம். செட்லெட்ஸ் எலும்பு தேவாலயத்தில் ஏறக்குறைய 40,000 பேருடைய எலும்புகள், இப்போது உள்ளே படம் எடுக்க விடுவதில்லை. ஆனால் போக, வர, அங்கே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலைய என்று முழு நாள் போய்விடும். உங்களிடம் இருப்பதே மூன்று நாள். கணவர் ரொம்ப ஆசைப்பட்டால் அவர் மட்டும் சனிக்கிழமை போய் வரட்டும், நீங்களும் அத்தையும் விஷெஹ்ராட் என்ற பழைய மேட்டுக்கோட்டைக்குப் போங்கள்.

விஷெஹ்ராடை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பிராக் கோட்டையை விடப் பிடிக்கும். மெட்ரோ சி வழித்தடத்தில் அதே பெயரில் நிலையம், அங்கிருந்து மேட்டுக்கோட்டைக்குள் சமதரையில் நடந்தே போகலாம், வளாகத்துக்குக் கட்டணம் இல்லை. பதினோராம் நூற்றாண்டு வட்டத் தேவாலயம் ஒன்று, செக் இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக்கும் ஸ்மெத்தனாவும் அடங்கிய கல்லறைத்தோட்டம், மதில் ஓரமாக நடந்தால் கீழே வல்டாவா ஆறு. பெஞ்சுகள் நிறைய. கூட்டம் பாதிகூட இருக்காது.

டிராம்பித்தன்:

குட்னா ஹோரா விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கணவர் ஆசைப்பட்டதைத் தனியாகப் போய்ப் பார் என்றால் அது என்ன குடும்பப் பயணம்? இருந்தாலும் இந்த முறை வேண்டாம் என்பதில் ஒத்துப்போகிறேன். ஞாயிறு காலை ஜோசஃபோவுக்கே நேரம் வேண்டும். பின்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர் முழுக்க நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்களின் பெயர்கள், கிட்டத்தட்ட 80,000. கையால் எழுதியவை. அங்கிருந்து கல்லறைத்தோட்டம், இடம் இல்லாமல் அடுக்கு மேல் அடுக்காகப் புதைத்ததால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அதை ஓட்டமாகப் பார்க்கக் கூடாது.

அந்த ஞாயிறு அதிகாலையில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறுதானே. போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரத்தை நம்பினால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ரயில் நிலையத்தில் உட்கார வேண்டியதுதான். அன்று மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். அக்டோபர் 28 அவர்கள் தேசிய விடுமுறை, பெரிய கடைகள் மூடியிருக்கும். அது உங்கள் வார இறுதியில் விழுந்தால் தண்ணீர், பழம் எல்லாம் முந்தின நாளே வாங்கி வையுங்கள்.

காசுக்கணக்கு:

சாப்பாட்டுக்கு: உள்ளூர் உணவகங்களில் சைவம் என்றால் முதலில் காட்டுவது ஸ்மஜெனி சீர், அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ். மாவுக்கலவையில் முட்டை சேரும், அத்தைக்கு ஆகாது. க்நெட்லிகி என்ற வேகவைத்த மாவு உருண்டையிலும் பெரும்பாலும் முட்டை. சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம். அதனால் முழுச்சைவ உணவகமாகத் தேடிப் போவதுதான் நிம்மதி, நகர மையத்திலேயே பல இருக்கின்றன. இந்திய உணவகங்களும் உண்டு. வீகன், அதாவது பால், முட்டை எதுவும் சேராதது என்று கேளுங்கள், முட்டை பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

வெண்தாழை:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, ஞாயிறு காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளோடு எப்படிச் சுற்றுவது?

டிராம்பித்தன்:

ஓட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாம், பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ரயில் நிலையத்தில் பூட்டும் பெட்டகங்கள் இருக்கின்றன. அறை பதிவு செய்யும்போதே லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள், பழைய நகரத்துக் கட்டடங்கள் பலவற்றில் கிடையாது.