40 விழுக்காடு யூரியா கிரீம்: மாமியார் காலில் தொடரலாமா, நிறுத்தலாமா?

பாயான்பாரு_மருமகள் | திங்கள், இரவு 9.40

என் மாமியாருக்கு வயது 67. பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). இந்தத் தைப்பூசத்தில் பினாங்கில் ரதத்தின் பின்னால் தண்ணீர்மலைக் கோயில் வரை வெறுங்காலோடு நடந்தார். வேண்டாம் என்றதற்கு, "முருகனுக்கு நடக்கிறேன், உனக்காகவா நடக்கிறேன்" என்று பதில் வந்தது. ஏற்கெனவே குதிகாலில் இருந்த பித்தவெடிப்பு, அரிசி மணி நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டது.

என் கணவர் இணையக் கடையில் 40 விழுக்காடு யூரியா கிரீம் ஒரு டப்பா வரவழைத்தார். குளித்த பிறகு பாதம் முழுக்க, விரல் இடுக்கு உட்பட, அப்பி, சமையலறைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே காலுறை மாட்டிவிடுவோம். மூன்று இரவுகள் ஆயின. இன்று காலை காலுறையை உருவியபோது நான்காம் விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் தோல் ஊறிய அவல் போல வெளுத்துக் கிடந்தது. துடைத்தால் துணியோடு வருகிறது. குதிகால் என்னவோ மெத்தென்று ஆகியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். எரிச்சல் துளியும் இல்லை என்கிறார் மாமியார். "பழைய தோல் உரிகிறது, தொடரலாம்" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?

செந்தூல்_ஓட்டுநர் | திங்கள், இரவு 10.05

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. நான் கோலாலம்பூரில் பேருந்து ஓட்டுகிறேன். நாள் முழுக்கக் காலணிக்குள் வெந்த கால். 10 விழுக்காடு கிரீமை இரண்டு மாதம் தடவினேன். பவுடர் போட்டதுபோல இருந்ததே தவிர குதிகால் அசையவில்லை. 40-க்கு மாறிய பத்தே நாளில், படுக்கை விரிப்பில் சிக்கி நூல் இழுக்கும் அந்தச் சொரசொரப்பு போய்விட்டது. இரண்டு ஆண்டுகளாகப் பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. தோல் உரியத்தான் செய்யும். உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். எதையும் பாதியில் நிறுத்துவது நம் ஆட்களுக்கு வழக்கமாகிவிட்டது.

தோட்டத்துப்_பேரன் | திங்கள், இரவு 10.20

யூரியாவா? என் தாத்தா மூட்டை மூட்டையாகச் செம்பனைக்குப் போட்ட உரமல்லவா அது! அதைப் பெற்ற தாயின் காலில் பூசி, பிளாஸ்டிக் வேறு சுற்றியிருக்கிறீர்கள். டப்பாவைக் குப்பையில் போடுங்கள். விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்து வெடிப்பில் அடைத்தால் ஒரு வாரத்தில் மூடிக்கொள்ளும். என் பாட்டி அறுபது ஆண்டு செருப்பில்லாமல் நடந்தார், அவர் காலில் எந்த ரசாயனமும் பட்டதில்லை.

மருந்துக்கடை_மணி | திங்கள், இரவு 10.50

பாயான்பாரு சகோதரி, கிரீமை இன்றிரவே நிறுத்துங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துங்கள்; தேய்க்க வேண்டாம். நாளை காலை கிளினிக்கில் காட்டுங்கள். மற்ற வாதங்கள் காத்திருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. ஜார்ஜ்டவுன் மருந்தகம் ஒன்றில் 22 ஆண்டுகள் மருந்தாளரின் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எரிச்சல் இல்லை என்பதை இங்கே எல்லாரும் நல்ல செய்தியாகப் படிக்கிறீர்கள். எனக்கு அச்சம் தருவதே அதுதான். யூரியா வெடிப்பிலோ புண்ணிலோ பட்டால் சுரீர் என்று எரியும். வாய் பிளந்த வெடிப்பில் 40 விழுக்காட்டை அப்பி மூன்று இரவு கட்டியும் ஒருவருக்கு எரியவில்லை என்றால், அந்தக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதோ என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நீண்ட நாள் இனிப்பு நீர் பாதத்து நரம்புகளை மழுங்கடித்துவிடும். அப்படிப்பட்ட காலில் புண் வந்தாலும் காலுக்குரியவருக்குத் தெரியாது. கால் ஆணிக்கும் தடித்த தோலுக்கும் கடையில் விற்கும் கரைப்பான்களையும் பிளாஸ்திரிகளையும் இனிப்பு நீர்க்காரர்கள் தாங்களாகப் போடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

அடுத்து அந்த 40. யூரியாவில் அளவு மாறினால் வேலையே மாறிவிடும். 10 விழுக்காடு வரை அது தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. 20-ஐத் தாண்டினால் தடித்த மேல்தோலின் பிடிப்பைத் தளர்த்தி உரிக்கத் தொடங்குகிறது. 40-ஐக் கெட்டுப்போன நகத்தின்மேல் பூசி மூடிக் கட்டினால், சில நாளில் நகம் இளகிக் கத்தியில்லாமல் எடுக்க வரும். மருத்துவர்கள் அப்படிச் செய்வதுண்டு. அதுவும் சுற்றியுள்ள தோலை மறைத்துவிட்டுத்தான் பூசுவார்கள். நகத்தையே இளக்கும் மருந்தை விரல் இடுக்கில் வைத்துப் பிளாஸ்டிக்கும் சுற்றினால், சிகரெட் தாள் போன்ற அந்தத் தோல் என்ன பாடுபடும்? பிளாஸ்டிக் சுற்றுவது மருந்தை இன்னும் ஆழமாக இறக்கும். பற்றாக்குறைக்கு நம் ஊர்ப் புழுக்கம். சாதாரணக் கிரீமைக்கூட விரல் இடுக்கில் வைக்கக் கூடாது. ஈரம் தங்கிப் படைக்கு வழி விடும்.

தோட்டத்துப் பேரனுக்கு: உரமும் கிரீமும் ஒரே பொருள்தான், ஒரே தரம் அல்ல. 1828-இல் வோலர் என்ற ஜெர்மானியர் ஆய்வகத்தில் செய்து காட்டும்வரை யூரியா உடலில் மட்டுமே உண்டாகும் என்று நினைத்திருந்தார்கள். உங்கள் தோலிலும் அது இப்போது இருக்கிறது. உப்பு கடலிலும் உண்டு, ரசத்திலும் உண்டு.

செந்தூல்_ஓட்டுநர் | திங்கள், இரவு 11.15

மணி ஐயா, நகம், நரம்பு, சிகரெட் தாள் என்று மனிதரைத் தூங்கவிடாமல் செய்கிறீர்கள். எனக்கும்தான் எரியவில்லை. அப்படியானால் எனக்கும் நரம்பு போய்விட்டதா? மருந்தகக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்: மலிவாகக் கிடைப்பது ஆபத்து, அவர்கள் அலமாரியில் இருக்கும் சின்னக் குழாய் மட்டும் அமிர்தம்.

மருந்துக்கடை_மணி | திங்கள், இரவு 11.30

தம்பி, நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு விற்க ஒரு குழாயும் இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு இனிப்பு நீர் இல்லை, வெடிப்பு இல்லை, தடிப்பு மட்டும்தான். அதனால் எரியாமல் இருக்கலாம். 10 விழுக்காடு தடித்த குதிகாலை அசைக்காது என்றீர்களே, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நல்ல உணர்ச்சியுள்ள காலுக்கு 20, 25 போதும். குளித்துவிட்டு ஈரத்தை ஒற்றி எடுத்து, தோல் சற்றுப் பதமாக இருக்கும்போதே தடித்த இடத்தில் மட்டும் தேய்த்தால் வேலை செய்யும். நுரைக்கல்லும் வைத்துக்கொள்ளலாம். பிளேடு மட்டும் கூடாது.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கிரீமை எடுத்து, அதில் எழுதியிருப்பதை எழுத்து மாறாமல் இங்கே பதியுங்கள். பாயான்பாரு சகோதரியும் பதியட்டும்.

ஜெலுத்தோங்_தாய் | செவ்வாய், காலை 7.10

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு இரண்டரை வயது, முழங்கை மடிப்பில் வறண்டு அரிக்கும் கரப்பான். இதே 40 விழுக்காடு கிரீமில் கொஞ்சம் எடுத்து, மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்போடு கலந்து தடவலாமா?

மருந்துக்கடை_மணி | செவ்வாய், காலை 7.25

கூடவே கூடாது, அம்மா. குழந்தைத் தோலுக்கு அந்த அளவு யூரியா வேண்டாம். கரப்பான் வெடித்திருந்தால் பிள்ளை அலறிவிடுவான். கலப்பது அதைவிட மோசம். யூரியா தோலின் கதவைத் திறந்துவிட்டால், மருத்துவர் அளந்து கொடுத்த ஸ்டீராய்டு அளவுக்கு மேல் உள்ளே போகும். வாசனையில்லாத சாதாரண ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். அக்குவியஸ் கிரீம் என்ற பெரிய வெள்ளை டப்பா வீட்டில் இருந்தால் அதைப் பூசி விடாதீர்கள். அதில் சோப்பு நுரைக்கும் பொருள் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு அது எரிச்சல் தரலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது.

செராஸ்_பாட்டி | செவ்வாய், காலை 9.00

எனக்கு 71. எல்லாரும் யூரியாவைப் பற்றியே பேசுகிறீர்கள், அதைச் சுற்றியிருக்கும் கொழுப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. போன ஆண்டு காலில் பாரஃபின் களிம்பு பூசிக்கொண்டு பூசையறைக்குள் போனேன். பளிங்குத் தரையில் வழுக்கி, குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பருத்திச் சேலையின் கரை முழுக்கக் களிம்பு ஊறியிருந்தது. பிறகுதான் மகள் சொன்னாள்: இந்த வகைக் களிம்புகள் ஊறிய துணி சீக்கிரம் தீப்பற்றும், வேகமாக எரியும், துவைத்தாலும் முழுக்கப் போகாது என்று 2018-இலேயே வெள்ளைக்காரர்கள் எச்சரித்திருக்கிறார்களாம். நம் வீட்டில் விளக்கு, கற்பூரம், கொசுவத்தி, அடுப்பு. பேரன் தம்பி, உன் விளக்கெண்ணெயும் திரியில் எரிகிற எண்ணெய்தான், தரையில் வழுக்கவும் செய்யும். பூசியவர்கள் காலுறை போடுங்கள், விளக்கருகே போகுமுன் அதைக் கழற்றுங்கள்.

தோட்டத்துப்_பேரன் | செவ்வாய், காலை 9.20

சரி பாட்டி, விளக்கெண்ணெயைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மஞ்சளை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செராஸ்_பாட்டி | செவ்வாய், காலை 9.25

உன் காலில் பூசிக்கொள். இனிப்பு நீர்க்காரியின் வெடிப்பில் மஞ்சளை அடைத்தால், உள்ளே சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய்? எல்லாம் மஞ்சளாகத்தானே தெரியும்.

பாயான்பாரு_மருமகள் | செவ்வாய், மாலை 6.30

நேற்றிரவு செந்தூல் அண்ணன் எழுதியதை என் கணவர் சாட்சியம் போல உரக்க வாசித்துக் காட்டினார். ஆனாலும் இன்று காலை மாமியாரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

மருத்துவர் மாமியாரைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களைத் தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். நான்கு முறை "ம்" என்றார் மாமியார். மற்ற ஆறு முறையும் இழை வளையும்வரை அழுத்தியதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவரோ பேசாமல் இருந்தார். கடைசியில், "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டார்.

விரல் இடுக்கில் சின்னதாகப் புண். மருந்திட்டுக் கட்டியிருக்கிறார்கள், இரண்டு நாளுக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு குதிகாலுக்கு மட்டும் சாதாரணக் களிம்பு, பிளாஸ்டிக் தாள் கூடவே கூடாது என்று உத்தரவு. தினமும் இரவில் நான் அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும்.

டப்பாவையும் காட்டினேன். அதில் ஒரு தாமரைப் பூவும் 40 என்ற எண்ணும் தவிர எதுவும் இல்லை. எம்.ஏ.எல். பதிவு எண்ணும் இல்லை, என்.ஓ.டி. எண்ணும் இல்லை.

மருந்துக்கடை_மணி | செவ்வாய், மாலை 6.55

நல்லது செய்தீர்கள். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துக்கு எம்.ஏ.எல். எண்ணும் மினுங்கும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. எண், அது நோயைக் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ளவே அனுமதி இல்லை. இரண்டும் இல்லாத டப்பாவில் 40 இருக்கிறதா, வேறு என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. அழகுக் கிரீம் என்று விற்றவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் பிடிபட்டு, நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு அனுமதியை ரத்து செய்த செய்திகள் எத்தனை வந்திருக்கின்றன! செந்தூல் தம்பியின் டப்பா என்ன சொல்கிறது?

செந்தூல்_ஓட்டுநர் | செவ்வாய், இரவு 11.50

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். என்னுடையது டப்பா இல்லை, குழாய். எம்.ஏ.எல். எண் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து மாறாமல் படித்தேன்: யூரியா 25 விழுக்காடு, நிகர எடை 40 கிராம்.

மருமகளே, இதை உங்கள் கணவரிடமும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஆனால், 10 விழுக்காடு குதிகாலுக்குப் பயன்படாது என்று நான் சொன்னது சொன்னதுதான்.